பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்: அன்னாசி மணக்கும் கஞ்சா ரகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கலிபோர்னியாவில். இங்கே 21 வயது நிரம்பியவர்கள் அடையாள அட்டையைக் காட்டிக் கடையில் கஞ்சா வாங்கலாம், வரி போட்டு பில் தருவார்கள். இது தெரிந்ததிலிருந்து ஊரிலிருக்கும் அத்தை பையன், கல்லூரி நண்பர்கள், இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பசங்க என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிக் கேள்வி ஒரே ரகத்தைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்றால் என்ன?

ஒரு கலப்பின ரகம், அதாவது ஹைப்ரிட். பழ வாசனை, குறிப்பாக அன்னாசி வாசனை அடிக்கும் என்பதுதான் இதன் விலாசமே. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய எந்தக் கஞ்சாக் கடைக்குப் போனாலும் இந்தப் பெயரில் பூவோ, வேப்போ (எண்ணெயை ஆவியாக்கி இழுக்கும் கருவி), கம்மியோ (கஞ்சா சேர்த்த மெல்லும் மிட்டாய்) ஏதாவது ஒன்று அலமாரியில் இருக்கும். வெப்பமண்டலப் பழ வாசனை ரகங்கள் எத்தனையோ வந்துவிட்டன, ஆனாலும் கஞ்சாவே தெரியாதவர்களுக்கும் தெரிந்த பெயர் இதுதான்.

இந்தப் பெயர் எப்படி வந்தது? ரயில் பெயர் மாதிரி இருக்கிறதே?

ரயில் இல்லை, மழை. ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து ஈரக்காற்று ஒரு ஆறு மாதிரி வானத்தில் ஓடிவந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் மோதிக் கொட்டித் தீர்க்கும். அந்த வானிலை நிகழ்வுக்குத்தான் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்று பெயர். குளிர்காலத்தில் டிவி செய்தியில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு "இந்த வாரக் கடைசியில் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் வருகிறது" என்பார்கள், எங்கள் வீட்டில் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

2008-இல் அதே பெயரில் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம் வந்தது. கதையே இந்தப் பெயருள்ள ஒரு கஞ்சாவைச் சுற்றித்தான் ஓடும். அதற்குப் பிறகு எல்லாருக்கும் இந்தப் பெயரில் சரக்கு வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு பெயருக்கு இவ்வளவு கிராக்கி வந்தால் வியாபாரி என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்துக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

இதன் தாய் தகப்பன் யார்?

டிரெயின்ரெக், ஹவாயன் என்ற இரண்டையும் கலந்தது என்பார்கள். ஜி13 லேப்ஸ் என்ற விதை நிறுவனம் இந்தப் பெயரில் விற்கும் விதைக்கும் இந்த வம்சாவளியைத்தான் சொல்கிறது.

டிரெயின்ரெக் வடக்குக் கலிபோர்னியாவில் ஹம்போல்ட் மாவட்டத்து ஆர்கேட்டா ஊர்ப் பக்கத்துச் சரக்கு. அங்கே மலைக்காட்டுக்குள் மூன்று தலைமுறையாகக் கஞ்சா பயிரிட்டவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் ரயில் கவிழ்ந்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, அவ்வளவுதான்.

ஹவாயன் என்பது ஒரே ரகத்தின் பெயர் என்று சொல்ல முடியாது. அந்தத் தீவுகளிலிருந்து வந்த, இனிப்பு வாசனையுள்ள பல செடிகளுக்குப் பொதுவாக விழுந்த பெயர். ஹவாய் மொழியில் கஞ்சாவுக்குப் பகலோலோ என்பார்கள். பக என்றால் புகையிலை, லோலோ என்றால் கிறுக்கு, மரத்துப்போன நிலை. 1970-களில் மவுயி தீவுச் சரக்குக்கு உலகம் முழுக்கப் பெயர். அந்தக் காலக் கடைசியில் போலீஸ் ஹெலிகாப்டரில் வந்து செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தது. இன்னொரு வேடிக்கை, அன்னாசியே ஹவாய்க்குச் சொந்தமில்லை, அது தென் அமெரிக்காவிலிருந்து போன பழம்.

வாசனைக்காக அன்னாசி எசன்ஸ் ஏதாவது தெளிக்கிறார்களா?

ஒழுங்கான உரிமம் பெற்ற இடத்துப் பூவில் தெளிப்பதில்லை, செடியே அந்த வாசனையைத் தயாரிக்கிறது. எப்படி என்பதுதான் இந்த ரகத்தில் எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பல வருடமாக எல்லாரும் டெர்பீன் டெர்பீன் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். டெர்பீன் என்பது செடிகளின் வாசனை எண்ணெய்களில் இருக்கும் வேதிப்பொருள் குடும்பம். இந்த ரகத்தின் ஆய்வக அறிக்கையை எடுத்தால் கேரியோஃபிலின், லிமோனின், மிர்சின், பைனின் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கேரியோஃபிலின் நம் மிளகில் இருப்பது. லிமோனின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருப்பது. பைனின், பைன் மரப்பிசின் வாசனை. மிர்சின் மாங்காயிலும் உண்டு. சரி, இந்த நான்கையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் அன்னாசி வருமா? வராது. மிளகு ரசத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஏதோ வரும்.

விடை வேறிடத்தில் இருந்தது. 2021-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கஞ்சாவின் அந்த முரட்டு நாற்றத்துக்குக் காரணம் தையால் என்ற வகையைச் சேர்ந்த ஒரு கந்தகச் சேர்மம் என்று கண்டுபிடித்தார்கள். பீர் பாட்டிலை வெயிலில் வைத்தால் ஒரு கெட்ட வாடை வருமே, அதே பொருள். 2023-இல் அதே குழு அடுத்த ஆய்வை வெளியிட்டது. பழ வாசனை தூக்கலாக இருக்கும் ரகங்களில் வேறு வகைக் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 3-மெர்கேப்டோஹெக்சனால், இதுதான் பேஷன் ஃப்ரூட்டுக்கும் கொய்யாவுக்கும் சோவின்யோன் பிளாங்க் ஒயினுக்கும் அந்த மணத்தைக் கொடுப்பது. அளவு என்று பார்த்தால் டெர்பீனுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது, அவ்வளவு குறைவு. ஆனால் நம் மூக்கு இந்தக் கந்தகத்தை நானோகிராம் கணக்கில்கூடப் பிடித்துவிடும். இவற்றோடு எஸ்டர்களும் சேர்கின்றன. பழங்களின் இனிப்பு வாசனையில் பெரும்பங்கு எஸ்டர்களுடையதுதான், அன்னாசியும் அப்படியே.

ஆக நாற்றமும் பழ வாசனையும் பங்காளிகள். நன்றாகப் பழுத்து, இன்னும் ஒரு நாள் விட்டால் அழுகிவிடும் என்ற நிலையில் இருக்கும் அன்னாசியை முகர்ந்து பாருங்கள். அந்த இனிப்புக்கு அடியில் ஒரு லேசான கெட்ட வாடை இருக்கும். இந்த ரகத்தின் நல்ல சரக்கில் அந்த அடிவாடையும் சேர்ந்தே வரும். சுத்தமாக மிட்டாய் மாதிரி மணந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நேரில் எப்படி இருக்கும்?

ஜாடியைத் திறந்தவுடன் முதலில் வருவது பழம் இல்லை, ஈரமான மரவாடை. ஒரு நொடி கழித்துத்தான் அன்னாசியின் நடுத்தண்டைச் சீவும்போது வரும் புளிப்பு. சதை இல்லை, தண்டு. மொட்டு வெளிர்பச்சை, ஆரஞ்சு நிற நார்கள், மேலே சர்க்கரை தூவிய மாதிரிப் பிசின் துகள்கள். விரலால் உடைத்தால் உள்ளிருந்து இன்னொரு தடவை வாசனை எழும், இந்த முறை கொஞ்சம் மாம்பழம், கொஞ்சம் பெட்ரோல். அப்புறம் இரண்டு தடவை சோப்பு போட்டாலும் விரலை விட்டுப் போகாது. ஒரு முறை அம்மா இங்கே வந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பின்கட்டில் உட்கார்ந்து இதைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னலைத் திறந்து, "யாரோ பலாப்பழம் வெட்டறாங்கடா, போய்க் கேளேன்" என்றார்.

இது இண்டிகாவா, சட்டைவாவா?

ஹைப்ரிட் என்றுதான் சொன்னேன். சட்டைவா பக்கம் சாய்ந்தது என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஆனால் இந்தப் பிரிவையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் கன்னபிஸ் சட்டைவா. 1785-இல் லமார்க், பியர் சொன்னெரா இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடியைப் பார்த்துவிட்டு இது வேறு இனம் என்று இண்டிகா என்று பெயர் வைத்தார். அது செடியின் உருவத்தையும் அது வளர்ந்த ஊரையும் பற்றிய பேச்சு. "இண்டிகா தூங்க வைக்கும், சட்டைவா சுறுசுறுப்பு தரும்" என்பது ரொம்பப் பின்னால் வந்த கடைப்பேச்சு. 2021-இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தார் மரபணுவை வைத்துப் பார்த்தபோது, இந்த இரண்டு லேபிளுக்கும் செடிகளின் மொத்த மரபணுவுக்கும் பெரிய தொடர்பே இல்லை, ஒருசில டெர்பீன்களோடு மட்டும்தான் பொருந்தியது. ஆக இண்டிகா என்று எழுதியவன் வம்சத்தைப் பார்த்து எழுதவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான்!

எவ்வளவு வீரியம்?

கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள் டிஎச்சி. இந்த ரகத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் டிஎச்சி அளவு 17 முதல் 24 சதவீதம். இது மிதமில்லை, நல்ல வீரியம்தான். பழ வாசனையை வைத்து ஜூஸ் மாதிரி என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அட்டையை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சி இல்லை, டிஎச்சிஏ. அது சூடானால்தான் டிஎச்சி ஆகும், அப்படி ஆகும்போது எடை கொஞ்சம் குறையும். அதனால் டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்க வேண்டும். 24 சதவீதம் டிஎச்சிஏ என்றால் கைக்கு வருவது 21.

அதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2023-இல் கொலராடோவில் 10 கடைகளிலிருந்து 23 மாதிரிகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். சுமார் 70 சதவீத மாதிரிகளில், அட்டையில் போட்டதைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. பெரிய எண் போட்டால் விற்கும், அதனால் பெரிய எண் கொடுக்கும் ஆய்வகத்தைத் தேடிப் போகிறார்கள். பால்காரர் லாக்டோமீட்டரைத் தானே கொண்டுவந்த கதைதான்.

போதை எப்படி இருக்கும்?

பேச்சு வரும், சிரிப்பு வரும், பசி வரும், பாட்டு கூடுதல் இனிமையாகக் கேட்கும், உடம்பு ரொம்பத் தளராது. அடித்தவர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான். ஆனால் அதே ஜாடியிலிருந்து எடுத்த ஒருவன் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவன் "கதவு பூட்டியிருக்கா" என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அளவு, பழக்கம், அன்றைய மனநிலை, சாப்பிட்டாயா இல்லையா என்பதெல்லாம் ரகத்தின் பெயரைவிட அதிகம் தீர்மானிக்கிறது.

வாசனைப் பொருள்களுக்குப் பங்கே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், 30 மில்லிகிராம் டிஎச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனின் சேர்த்து ஆவியாக இழுத்தபோது பதற்றம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போடுங்கள். பூவில் லிமோனின் ஒரு சதவீதம் இருந்தாலே அபூர்வம், அப்படியே இருந்தாலும் 15 மில்லிகிராமுக்கு ஒன்றரை கிராம் பூ வேண்டும். அதில் வரும் டிஎச்சி 30 மில்லிகிராமில் நிற்காது, முந்நூறை நெருங்கும்.

மாம்பழம் சாப்பிட்டுவிட்டு அடித்தால் தூக்கலாக இருக்குமாமே?

மாம்பழத்தில் மிர்சின் இருக்கிறது, அது டிஎச்சியை மூளைக்குள் தள்ளுகிறது என்று கதை. பழத்தில் இருக்கும் மிர்சின் துளியூண்டு. மாம்பழம் மாம்பழமாகவே நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இரண்டு கடையில் இதே பெயரில் வாங்கினேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அல்போன்சா என்றால் அது ஒட்டுக்கட்டி வந்த ஒரே மரத்தின் பிள்ளைகள். கஞ்சாவிலும் நாற்றுத்துண்டு வெட்டி வளர்த்தால் அதே செடிதான் வரும். ஆனால் விதை போட்டால் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே வீடு, வேறு வேறு முகம். அப்புறம் சட்டம் அனுமதிக்காத காலம் நீண்டது. பதிவேடு கிடையாது, யார் பெயர் வைத்தார்கள், யார் மாற்றினார்கள், எதற்கும் கணக்கில்லை. படம் வந்தபின் கையில் இருந்த ஏதோ ஒரு பழவாசனைச் செடிக்கு இந்தப் பெயரை ஒட்டியவர்கள் எத்தனை பேரோ. 2019-இல் வடக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தார் மூன்று மாநிலங்களில் 20 கடைகளிலிருந்து 30 ரகங்களின் 122 மாதிரிகளை வாங்கி மரபணுவைப் பார்த்தார்கள். ஒரே பெயர் போட்ட மாதிரிகள் பல இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

அதனால் நான் கடைக்குப் போனால் பெயரைக் கேட்பதில்லை. எப்போது பொதி கட்டியது என்று தேதியைப் பார்ப்பேன், முகர்ந்து பார்க்க மாதிரி இருக்கிறதா என்று கேட்பேன், டெர்பீன் அறிக்கை இருந்தால் வாங்கிப் பார்ப்பேன். மீன் மார்க்கெட்டில் நாம் செய்வதுதான், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வஞ்சிரம் வாங்குவார்களா?

இதே பெயரில் வேப், கம்மி எல்லாம் இருக்கிறதே, அதுவும் அதேதானா?

பெரும்பாலும் பெயர் மட்டும்தான். வாசனையே இல்லாத வடித்தெடுத்த டிஎச்சி எண்ணெயில் வெளியிலிருந்து வாசனை கலந்திருப்பார்கள். மேலே பூவுக்குத் தெளிப்பதில்லை என்றேனே, இங்கே கலப்பதுதான் வழக்கம். கம்மி என்றால் அன்னாசி ஃபிளேவர் மிட்டாய்.

கம்மியில் வேறு ஆபத்து இருக்கிறது. புகை சில நிமிடத்தில் தெரிந்துவிடும், சாப்பிட்டது தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். கல்லீரல் டிஎச்சியை 11-ஹைட்ராக்சி டிஎச்சி என்று மாற்றும், அது இன்னும் கனமானது. கலிபோர்னியாவில் ஒரு துண்டில் அதிகபட்சம் 10 மில்லிகிராம், ஒரு டப்பாவில் 100. புதிதாகத் தொடுகிறவருக்கு 10 மில்லிகிராமே அதிகம். "ஒண்ணும் ஏறலையே" என்று அரை மணியில் இரண்டாவதைப் போட்டவர்கள்தான் ராத்திரி ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிவைக்காமல் வைத்தால் அது மன்னிக்க முடியாத தப்பு.

யார் தொடவே கூடாது?

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், இதய நோயாளிகள், வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு வந்திருக்கிறவர்கள். கடைசியாகச் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டிஎச்சி உள்ள சரக்கை தினமும் எடுப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கை நெருங்கியது. இந்த ரகம் அந்த 10-ஐ எப்போதோ தாண்டியாகிவிட்டது. அடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். இங்கே சட்டப்படி வாங்கலாம்தானே?

மாநிலச் சட்டப்படி வாங்கலாம். 2016-இல் வாக்கெடுப்பில் ஜெயித்து, 2018 ஜனவரி 1 முதல் கடையில் விற்கிறார்கள், 28.5 கிராம்வரை கையில் வைத்திருக்கலாம். ஆனால் விசாவும் கிரீன் கார்டும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன, மத்தியச் சட்டத்தில் இது இன்னும் குற்றம். குடியேற்ற அதிகாரியிடம் "ஆமாம், அடித்திருக்கிறேன்" என்று வாய்தவறிச் சொன்னாலே சிக்கல். மாநிலத்தில் சட்டப்படி செய்ததுகூடக் குடியுரிமைக்கான நன்னடத்தைக் கணக்கில் எதிராக வரலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. கிரீன் கார்டு காலம் முழுக்க நான் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. போனில் படம், பில், இதெல்லாமும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும்போது கொஞ்சமாகக் கொண்டுவர முடியுமா?

அத்தை பையா, இது உனக்கு. முடியாது.

இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் வந்த நுனி, என்ன பெயரில் அழைத்தாலும் சரி. அன்னாசி மணந்தாலும் கஞ்சாதான். ஒரு கிலோவரை சிறிய அளவு, அதற்கே ஒரு வருடம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 வருடம். எண்ணெய் வடிவம் என்றால் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின் கணக்கில் போகும், அங்கே 100 கிராம்தான் சிறிய அளவு. வேப் கருவியே 2019 முதல் இந்தியாவில் தடை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தபிறகு, பாங்காக் விமானத்தில் வந்தவர்களிடம் சென்னை விமான நிலையத்தில் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் நீரில் வளர்த்த) கஞ்சா பிடிபட்டதாகச் செய்தி வருவது வாடிக்கையாகிவிட்டது. உணவுப் பொட்டலத்துக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். மேலே சொன்னேனே கந்தகம், நமக்கே அப்படித் தெரிகிறது என்றால் மோப்ப நாய்க்குச் சொல்லவா வேண்டும்.

சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில்கூட ஒரு கிலோ கஞ்சா வழக்கில் ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் அடித்துவிட்டு வந்தாலும் அங்கே குற்றம்.

விதை மட்டும் அனுப்பினால்?

மறுபடியும் முடியாது. வளர்ப்பதற்கே 10 வருடம்வரை சிறை. மொட்டைமாடித் தொட்டியில் கத்திரிக்காய் போடு.

வாங்கி வைத்தால் வாசனை எவ்வளவு நாள் நிற்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. பழ வாசனை தரும் கந்தகமும் எஸ்டரும் லேசில் பறக்கிறவை, முதலில் போவதே அவைதான். மிளகும் மரவாடையும் பின்னால் நிற்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் டிஎச்சியும் மெல்ல சிபிஎன் என்று வேறொன்றாக மாறிவிடும். கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, இருட்டான அலமாரி, 60 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், இது போதும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வைத்தால் மறுநாள் இட்லி மாவிலும் அதே வாசனை வரும், அனுபவம்.